யார் கொடுத்த பத்தில் ஒன்று?

திருச்சுழிக்குப் பெயர் வந்த கதை அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கும் தெரியும். பிரளய வெள்ளம் பெருகி வந்தபோது சிவபெருமான் சூலத்தால் பூமியில் ஒரு துளையிட்டாராம். வெள்ளம் சுழித்துக்கொண்டு அதற்குள் இறங்கிற்றாம். சுழித்து இறங்கிய தலம் சுழியல் ஆயிற்று. ஓடுகிற நீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்குகிற இந்தக் காரியத்தைத்தான் இன்று நீர்வடிப்பகுதி மேம்பாடு என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இந்தத் தொண்டில் முதல் தொண்டர் திருமேனிநாதரேதான். ஆனால் அவர் அதற்காக யாருடைய கூலியிலும் கை வைத்ததாகப் புராணம் சொல்லவில்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் போகிறவர்கள் கண்ணில் படுவது கரிசல் காடு, தூர்ந்துபோன கண்மாய், சீமைக் கருவேலம், அதை வெட்டிப் போட்ட கரிமூட்டம். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதிலும் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். குண்டாறு அப்போதுதான் ஆறு; மற்ற நாட்களில் மணல். இப்படிப்பட்ட சீமையிலே வரப்பு போட்டு, தடுப்பணை கட்டி, வரத்துக்காலைச் செதுக்கி, விழுகிற மழையைப் பிடித்து வைக்க ஊர்தோறும் சங்கம் வேண்டும் என்பதை யார் மறுப்பார்கள்? நான் மறுக்கவில்லை. சங்கத்தின் தலைமை நாற்காலியில் உட்காருகிறவர்களைப் பற்றித்தான் என் வழக்கு.

மத்திய அரசு 1994-ல் நீர்வடிப்பகுதித் திட்டங்களுக்கு விதிமுறைகளை வகுத்தது. 1995 ஏப்ரலில் அவை நடப்புக்கு வந்தன. சுமார் 500 ஹெக்டேர் ஒரு பகுதி. அதற்கு ஒரு சங்கம், ஒரு குழு, ஊர்த் தொண்டர்கள். ஊரார் தங்கள் பங்காகச் செலவில் பத்து சதம், சில வேலைகளுக்கு ஐந்து சதம் போட வேண்டும். எண்ணம் உயர்ந்த எண்ணம். தன் பணமும் சேர்ந்தால்தான் தன் சொத்து என்ற அக்கறை பிறக்கும் என்று நினைத்தார்கள். 2003-லும் 2008-லும் விதிகள் மாறின. பங்களிப்பு என்ற சொல் மட்டும் மாறவில்லை. 2017-ல் தமிழக அரசு குடிமராமத்தைப் புதுப்பித்தபோதும் ஆயக்கட்டுக்காரர்கள் பத்து சதம் தரவேண்டும் என்றுதான் வைத்தார்கள்.

தர வேண்டியவர்கள் தந்தார்களா? இந்தத் திட்டங்களை நாட்டின் பல பாகங்களிலும் ஆராய்ந்தவர்கள் ஒரே சங்கதியைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். மண் வெட்டியவனுக்கு நூறு ரூபாய் என்று கணக்கு. கையில் கொடுப்பது தொண்ணூறு. அந்தப் பத்து ரூபாய்தான் ஊராரின் பங்களிப்பு! வரப்பு உயர்ந்தது நிலக்காரர் புஞ்சையில். நீர் ஊறியது நிலக்காரர் கிணற்றில். தானம் செய்தவள் மட்டும் தலையில் கூடை சுமந்த கூலிக்காரி. ரசீதிலும் பலகையிலும் பெயர் தலைவருடையது. இதற்குத் தொண்டு என்று பெயர் வைத்தால், கொள்ளைக்கு நாம் வேறு சொல் தேட வேண்டியிருக்கும்.

“நிலமில்லாதவனுக்கும் வேலை கிடைத்ததே, ஐயா!” என்பார்கள். வேலை செய்தவனுக்குக் கூலி கொடுப்பது உபகாரமா? “செல்வாக்குள்ள மனிதர் முன்னால் நிற்காவிட்டால் ஒரு காரியமும் நடக்காது” என்றும் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. அதிகாரியிடம் பேசவும், வரத்துக்காலை அடைத்து உழுதவரைத் தட்டிக் கேட்கவும் ஆள்பலம் வேண்டியதுதான். ஆனால் அடைத்து உழுதவரே தலைவராக வந்துவிட்டால் யார் யாரைத் தட்டிக் கேட்பது?

கண்மாயைக் காப்பாற்றி வந்தவன் எவன் என்று பழைய ஆட்களைக் கேளுங்கள். நீர்பாய்ச்சி என்பார்கள். அடைமழை இரவில் கரையிலே நின்று, மடையைத் திறப்பதா அடைப்பதா என்று பார்த்து, கலுங்கு தாண்டுகிற தண்ணீரைக் கண்ணாலேயே அளந்தவன் அவன். பெரும்பாலும் நிலமற்றவன், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவன். களத்தில் அளந்து போட்ட நெல்தான் அவன் சம்பளம். 2000-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் விவசாயிகள் பாசன முறைகளை நிர்வகிக்கும் சட்டம் வந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் வாக்கு நிலக்காரருக்கு என்று எழுதினார்கள். நீரை அறிந்தவனுக்கு வாக்கில்லை! இந்த வினோதம் நம் தலைவர்களில் எத்தனை பேருடைய தூக்கத்தைக் கெடுத்தது?

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. 1972-ன் கொடும் பஞ்சத்துக்குப் பிறகு மகாராஷ்டிரத்தில், புரந்தர் தாலுகாவில், விலாஸ்ராவ் சாளுங்கே என்ற எஞ்சினீயர் பாணி பஞ்சாயத்தை நடத்திக் காட்டினார். அங்கே தண்ணீரில் பங்கு நிலத்தின் அளவைப் பார்த்து அல்ல. குடும்பத்தில் உள்ள தலைகளை எண்ணி. நிலமில்லாதவருக்கும் பங்கு உண்டு. செலவில் ஐந்தில் ஒரு பகுதியைப் பயனடைகிறவர்களே போட்டார்கள். அதுவும் நம்முடையதைப் போல வறண்ட சீமைதான்.

திருச்சுழிப் பக்கத்திலும் உண்மையான தொண்டர்கள் இல்லாமற் போகவில்லை. சொந்தச் செலவில் பஸ் ஏறி அலுவலகங்களுக்கு நடையாய் நடந்தவர்கள், தன் வரப்பைத் தானே முதலில் வெட்டியவர்கள், திட்டம் முடிந்து அதிகாரி போன பிறகும் கரையைச் சுற்றி வருகிறவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். அவர்களை வணங்குகிறேன். அவர்களுடைய பெயரைக் கெடுப்பவர்களைத்தான் கேட்கிறேன். உங்கள் பத்தில் ஒரு பங்கை முதலில் வையுங்கள். அது யார் யார் கொடுத்தது என்று பெயர் பெயராகக் கிராம சபையில் வாசியுங்கள். கூலியில் பிடித்ததைத் திருப்பிக் கொடுங்கள். நீர்பாய்ச்சிக்கும் மண் சுமந்த பெண்களுக்கும் குழுவிலே இடம் கொடுங்கள். கண்மாய் மீனிலும் கருவேலங் குத்தகையிலும் பங்கு கொடுங்கள்.

இதெல்லாம் முடியாதென்றால், தலைவராகவே இருங்கள். யாரும் தடுக்கப் போவதில்லை. தொண்டர் என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள். அந்தச் சொல்லுக்கு உரியவள் தொண்ணூறு ரூபாயோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.