மௌனமாக இருந்தது யார்?

தெசலோனிக்கி என்ற கிரேக்க நகரத்தின் பெயர் நம்மூர்க் கிறிஸ்தவர்களுக்குப் புதிதல்ல. பவுல் அந்த ஊர்ச் சபைக்கு எழுதிய இரண்டு நிருபங்கள் பைபிளில் இருக்கின்றன. அங்கே போன பவுல் முதலில் நுழைந்து பேசியது யூதர்களின் ஜெபஆலயத்தில்தான். பிற்பாடு 1492-ல் ஸ்பெயின் துரத்திவிட்ட யூதர்களும் வந்து குடியேற, ஸ்பானியத்தின் யூத வடிவமான லாடினோ மொழி பேசும் பெரிய சமூகம் அங்கே வேர்பிடித்தது. மூட்டை தூக்குகிறவர்கள் முதல் வியாபாரிகள் வரை யூதர்கள் என்பதால் சனிக்கிழமைகளில் துறைமுகமே மூடிக்கிடந்த ஊர் அது. இரண்டாம் உலகப்போர் தொடங்கும்போது சுமார் 50,000 யூதர்கள் இருந்தார்கள். 1943 மார்ச் 15-ல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் மரண முகாமுக்கு முதல் ரயில் கிளம்பியது. ஆகஸ்டுக்குள் ஊரே காலி. போர் முடிந்தபின் இருந்தவர்கள், ஒளிந்து பிழைத்தவர்களையும் சேர்த்து, இரண்டாயிரம் பேர் தேறினால் அதிகம்.

இந்த ஊரைப் பற்றி இன்று சொல்லப்படும் கதை கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தது. தப்பி வந்தவர்கள் அரை நூற்றாண்டு வாய் திறக்கவில்லையாம். பிறகு நகரம் தானாக விழித்துக்கொண்டு நினைவை மீட்டதாம். மிஞ்சியிருக்கும் ஆயிரம் பேரால் இனி அந்தச் சுமையைத் தாங்க முடியாதாம். கடைசி சாட்சியும் கண்மூடிவிட்டால் எல்லாம் முடிந்ததாம். கேட்க உருக்கமாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் இடறுகிறது.

முதலில் அந்த மௌனத்தை எடுத்துக்கொள்வோம். ஆஷ்விட்ஸ் விடுவிக்கப்பட்ட மூன்றே ஆண்டுகளில், 1948-ல், ரப்பி மிக்கேல் மோல்கோவும் வரலாற்றாசிரியர் ஜோசப் நெகாமாவும் கிரேக்க யூதர்களின் அழிவைப் பற்றி ‘இன் மெமோரியம்’ என்ற நூலைக் கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள். வாய் திறக்காதவர்கள் செய்கிற வேலையா இது? அது பிரெஞ்சில் எழுதப்பட்டதால் கிரேக்க வாசகர்களிடம் போகவில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் மொழிபெயர்க்கும்படி யார் கேட்டார்கள்?

அதற்கும் முன்பே தப்பி வந்தவர்கள் நீதிமன்றப் படி ஏறியிருந்தார்கள். ரயிலில் ஏற்றப்பட்டவர்களின் வீடுகளிலும் கடைகளிலும் வேறு ஆட்கள் குடியேறியிருந்தார்கள். திரும்பி வந்தவர் தன் வீட்டுக் கதவையே தட்டி, உள்ளே இருப்பவரிடம் தான் யார் என்று சொல்ல வேண்டிய நிலை. அந்த வழக்குகளின் ஒவ்வொரு மனுவும் ஒரு சாட்சியம்தான். அதைச் சொத்துத் தகராறு என்று படித்தவர்கள் நாம். 1959-ல் ஏதென்ஸில் மக்ஸ் மெர்ட்டன் விசாரிக்கப்பட்டான். ஆக்கிரமிப்புக் காலத்தில் தெசலோனிக்கியின் ஜெர்மன் நிர்வாகத்தை நடத்தியவன் அவன். தப்பிப் பிழைத்த யூதர்கள் கூண்டேறி அவனுக்கெதிராகச் சாட்சி சொன்னார்கள். யூதர்களை முகாம்களுக்கு அனுப்பியதை ஒருங்கிணைத்த நாஜி அதிகாரி ஐக்மனின் விசாரணைக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு இது நடந்தது. தண்டனை 25 ஆண்டுகள். சில மாதங்களிலேயே கிரேக்க அரசு அவனை விடுவித்து மேற்கு ஜெர்மனிக்கு அனுப்பிவைத்தது. சாட்சி சொன்னவர்கள் வீடு திரும்பி அதற்கப்புறம் என்ன பேசியிருப்பார்கள்?

பிள்ளைகளிடம் சொல்லாமல் மறைத்த பெற்றோர் இருந்தார்கள், மறுக்கவில்லை. துக்கம் நடந்த எந்த வீட்டிலும் அது உண்டு. ஒரு வீட்டுக்குள் நிலவிய அமைதியை ஒரு சமூகத்தின் வரலாறாக எழுதுவதில்தான் கோளாறு.

அடுத்து, நகரம் விழித்துக்கொண்ட கதை. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு இடங்கள் நினைவுக்கு வரும்.

ஒன்று எலெஃப்தெரியாஸ் சதுக்கம். பெயருக்கு அர்த்தம் சுதந்திரம். 1942 ஜூலை 11, ஒரு சனிக்கிழமை. சுமார் 9,000 யூத ஆண்களை அங்கே வரவழைத்து, தொப்பிகூட இல்லாமல் கொளுத்தும் வெயிலில் நிறுத்தி, அவமானப்படுத்தும் உடற்பயிற்சிகளைச் செய்யவைத்தார்கள். ஜெர்மன் சிப்பாய்கள் எடுத்த படங்கள் இன்றும் கிடைக்கின்றன. போருக்குப் பிறகு அந்தச் சதுக்கம் பல பத்தாண்டுகள் கார் நிறுத்துமிடமாக இருந்தது. 1997-ல் சிற்பி நாந்தோர் கிளிட் வடித்த நினைவுச்சின்னம், மனித உடல்கள் பின்னிப் பிணைந்த, யூதர்களின் மெனோரா விளக்கு, நகரத்துக்கு வந்தது. ஆனால் அதை வைத்தது ஊரின் ஓரத்துச் சாலைச் சந்திப்பு ஒன்றில். சதுக்கத்துக்கு அது வந்துசேர 2006 ஆயிற்று.

இன்னொன்று பல்கலைக்கழகம். இன்றைய அரிஸ்டாட்டில் பல்கலைக்கழக வளாகத்தின் பெரும்பகுதி யூத இடுகாடாக இருந்த நிலம். லட்சக்கணக்கானோர் அங்கே புதைக்கப்பட்டிருந்தார்கள். 1942 டிசம்பரில் அதை இடித்துத் தள்ளினார்கள். அனுமதி ஜெர்மானியர் கொடுத்தது, கடப்பாரை உள்ளூர்க்காரர்கள் பிடித்தது. அந்த நிலத்தின்மேல் நகர நிர்வாகத்துக்குப் போருக்கு முன்பிருந்தே ஒரு கண். கல்லறைக் கற்கள் கட்டுமானப் பொருளாகி நடைபாதைக்குப் போயின, புனித திமித்ரியோஸ் தேவாலயத்தைச் செப்பனிடவும் போயின. தாத்தாவின் பெயர் பொறித்த கல்லை மிதித்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகும் ஊரில் யாரை மௌனி என்பது? அங்கே இடுகாடு இருந்தது என்று வளாகத்தில் ஒரு நினைவிடம் எழ 2014 நவம்பர் வரை, 72 ஆண்டுகள், ஆயின. திறப்பு விழாவில் மேயர் யானிஸ் பூத்தாரிஸ் நகரத்தின் மௌனத்துக்காக வெட்கப்படுவதாகச் சொன்னார். அவ்வளவு நேர்மையாகப் பேசிய மேயர்கள் அபூர்வம். அவரே மௌனத்தின் சொந்தக்காரரைச் சுட்டிக்காட்டியபின், அந்தப் பழியை மறுபடியும் யூதர்கள் தலையில் கட்டுவானேன்? 2019 ஜனவரியில் அந்த நினைவிடத்தையும் யாரோ உடைத்தார்கள்.

ஆயிரம் பேரால் என்ன முடியும் என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. 2001-ல் யூத அருங்காட்சியகத்தைத் திறந்தது அந்தச் சிறு சமூகம்தான். தரைத்தளத்தில் பழைய இடுகாட்டுக் கற்கள் இருக்கின்றன. கல்லறைக்குத் திரும்ப வழியில்லாத கற்கள். முதல் ரயிலிலேயே பெற்றோருடனும் அக்காவுடனும் ஏற்றப்பட்ட ஹைன்ஸ் கூனியோ, தன் அனுபவத்தை நூலாக எழுதியதோடு நிற்கவில்லை. கொல்லப்பட்ட தன் ஊர்க்காரர்களின் பெயர்களைப் பல ஆண்டுகள் தேடித் தொகுத்தார். எண்ணிக்கை பெரிதாக இருந்தால்தான் நினைவு நிற்கும் என்றால், நூறு மடங்கு பெரிய நகரம் சதுக்கத்தில் காரை நிறுத்திக்கொண்டிருந்ததற்கு என்ன விளக்கம்?

கடைசி வாதத்தில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆஷ்விட்ஸிலிருந்து வந்தவர் பள்ளிப் பிள்ளைகள் முன் உட்கார்ந்து பேசுவதற்கு ஈடு எதுவும் கிடையாது. 2013 முதல் ஆண்டுதோறும் சதுக்கத்திலிருந்து பழைய ரயில் நிலையம் வரை நினைவு நடை போகிறது. அதில் அவர்களின் இடம் வெறுமையாகிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் இந்தச் சமூகத்தின் நினைவு மனிதர்களின் வாயில் மட்டும் இருக்கவில்லை. ஜெர்மானியர்கள் கொள்ளையடித்துப் போன சமூகத்தின் ஆவணங்களில் ஒரு பெரும் பகுதி போருக்குப் பின் சோவியத் படைகளின் கைக்குப் போய், மாஸ்கோ ஆவணக் காப்பகத்தில் முடங்கியது. அவற்றைத் திருப்பித் தர ரஷ்யா ஒப்புக்கொண்டதாகக் கிரேக்கப் பிரதமர் அறிவித்ததே 2021 டிசம்பரில்தான். சாட்சிகள் சாகிறார்கள் என்று கண்ணீர் விடுகிறவர்கள், சாகாத சாட்சிகளான அந்தப் பெட்டிகள் எங்கே என்று ஒரு முறையாவது கேட்டுப் பார்க்கலாம்.