வேலியோரத்து நீலம்

கிள்ளானில் எங்கள் வீட்டு முன்வேலியில் ஒரு சங்குப்பூக் கொடி இருக்கிறது. காய்ந்து போகும், தானே விதை உதிர்க்கும், மழைக்கு மறுபடி முளைத்து ஏறிக்கொள்ளும். விடிந்ததும் அம்மா சில்வர் கிண்ணத்தோடு வருவார். எல்லாப் பூவையும் பறிக்க மாட்டார். வேலியின் வலப்பக்கம் பூத்தவை பக்கத்து வீட்டு மாக்சிக்குக்கு. அவர் கிளந்தான்காரர். நாசி கெராபு சமைக்கும் நாளில் ஒரு கைப்பிடி பறித்துப் போவார். அம்மாவின் கிண்ணத்துப் பூ சாமி மேடைக்குப் போகும், மாக்சிக்கின் கைப்பூ அரிசிப் பானைக்குப் போகும்.

இத்தனை வருடத்தில் நாங்கள் அதை வாயில் வைத்ததில்லை. சிவனுக்கும் சனி பகவானுக்கும் சாத்துகிற பூ என்ற மரியாதை. சென்ற மாதம் தங்கை மகள் பிரிக்பீல்ட்ஸ் போய்விட்டு வந்து கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். உயரமான கண்ணாடித் தம்ளர். அடியில் ரோஜா நிறம், நடுவில் பால் நிறம், மேலே மயில் கழுத்து நீலம். "பெரியம்மா, இது நம்ம வீட்டுப் பூதானே? 16 வெள்ளி கொடுத்துக் குடிச்சேன்" என்றாள்.

நம்ம வீட்டுப் பூதான். அம்மாவிடம் கேட்டேன், குடிக்கலாமா என்று. "சாமிக்கு வெச்சது போக மீதி நமக்குத்தானே. பொங்கலை நாம சாப்பிடலையா?" என்றார். அந்த வாரமே அடுப்படியில் இறங்கினோம்.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வருகின்றன. அவற்றில் செருவிளையும் கருவிளையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். செருவிளை வெள்ளைச் சங்குப்பூ, கருவிளை நீலச் சங்குப்பூ. மலாய்க்காரர்களுக்கு இது புங்கா தெலாங். நோன்யா வீடுகளில் புலுட் தை தை என்கிற ஒட்டரிசிப் பலகாரத்தில் நீலத் திட்டு போடுவதும் இதே பூ. தாவரவியலில் இதன் பெயரில் வரும் 'டெர்னாட்டியா', மலுக்குத் தீவுகளில் ஒன்றான டெர்னாத்தேயைக் குறிக்கும். சங்கப் பாட்டிலும் இருக்கிறது, கிளந்தான் சோற்றிலும் இருக்கிறது. இந்தப் பூவுக்கு எந்த வேலியும் பொருட்டில்லை.

முதல் நாள் இரண்டு தவறு செய்தோம். பூவையும் தேயிலைத் தூளையும் ஒன்றாகக் கொதிக்க வைத்தோம். தேயிலையின் செம்பழுப்பு நீலத்தை விழுங்கி, சேற்றுத் தண்ணீர் போல ஆகிவிட்டது. அடுத்த தம்ளரில், நிறம் மாறுவதைப் பார்க்கும் ஆசையில் தங்கை மகள் பால் சேர்த்த பிறகு கஸ்தூரி லிமாவைப் பிழிந்தாள். பால் திரிந்து போனது.

நிறம் மாறுவதற்கும் பால் திரிவதற்கும் காரணம் உண்டு. சங்குப்பூவின் நீலம் ஆந்தோசயனின் வகை நிறமி. நாவல் பழத்திலும் ஊதா முட்டைக்கோசிலும் இருப்பது இதே குடும்பம்தான். புளிப்பு ஏற ஏற நீலம் ஊதாவாகும், மிஞ்சினால் இளஞ்சிவப்பாகும். பாலுக்கோ புளிப்பு ஆகாது. அதன் பிஎச் அளவு 4.6 வரை இறங்கினால் கேசின் என்ற புரதம் திரண்டுவிடும். ஆகவே பாலா, லிமாவா என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். நிறம் மாறும் வேடிக்கை வேண்டுமா, பால் விடாமல் லிமாவ் பிழியுங்கள். பால் தேத்தண்ணி வேண்டுமா, லிமாவை எடுத்து வையுங்கள்.

மூன்றாம் நாள் சரியாக வந்தது. அதைச் சொல்கிறேன்.

காலையில் பறித்த 15 பூக்கள். பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு இதழை மட்டும் அலசி, ஒரு கோப்பைச் சுடுநீரில் போட்டு மூடுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் இதழ் வெளுத்துவிடும், தண்ணீர் மை போல இறங்கும். வடிகட்டிக் குளிர வையுங்கள். சர்க்கரை சேர்க்காதீர்கள். இன்னொரு பாத்திரத்தில் இரண்டு தேக்கரண்டித் தேயிலைத் தூளை முக்கால் கோப்பை நீரில் கடுப்பாக வடித்து, இரண்டு கரண்டி கட்டி டின்பாலும், தே சிக்கு விடுகிற நீர்த்த டின்பால் கொஞ்சமும் கலந்து, அதையும் குளிர வையுங்கள்.

ரோஜாவுக்கு பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில் பன்னீர் ரோஜா வாங்கலாம் என்று நினைத்தேன். பிறகு கையை மடக்கிக்கொண்டேன். மாலைக்கும் அலங்காரத்துக்கும் வளர்க்கிற பூவுக்கு மருந்து அடிப்பது வழக்கம். அது சாமிக்குச் சாத்த, தலையில் சூட. குடிப்பதற்கு அல்ல. சீன மருந்துக் கடைகளில் கஷாயத்துக்கென்றே காய்ந்த ரோஜா மொட்டு விற்கிறார்கள். அதில் ஒரு கைப்பிடியைச் சர்க்கரைப் பாகில் மெல்லக் காய்ச்சினால் முதலில் நிறம் மங்கிப் போகும். இரண்டே சொட்டு லிமாவ் விட்டால் சிவப்பு திரும்பி வரும். ரோஜாவிலும் அதே ஆந்தோசயனின்தான். இந்த இரண்டு சொட்டு பாலைத் திரிக்காது. நம் கல்யாண வீடுகளிலும் தீபாவளித் திறந்த இல்லங்களிலும் சாடி சாடியாக ஊற்றுகிற சிராப் பண்டுங் நினைவிருக்கும். அந்தச் சிவப்பு பெரும்பாலும் புட்டிச் சாயம். பாகை வீட்டில் காய்ச்சிக் குடித்த பிறகு, புட்டியைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

இனி அடுக்குவது. தம்ளரில் முதலில் ரோஜாப் பாகு, பிறகு விளிம்பு வரை ஐஸ். அதன் மேல் பால் தேத்தண்ணி. கடைசியில் கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் நீலத்தை நூலாக ஊற்றுங்கள். பாகு கனம், அதனால் அடியில் உட்காரும். இனிப்பும் பாலும் சேர்ந்த தேத்தண்ணி அதைவிட லேசு. சர்க்கரை சேராத நீலம் எல்லாவற்றிலும் லேசு, மேலே மிதக்கும். மாமாக் கடையில் தே தீகா லாப்பிஸ் கேட்டால் வருகிற மூன்று அடுக்கும் இதே கணக்குதான். எல்லாம் குளிர்ந்திருக்க வேண்டும், அவசரப்பட்டுச் சூடாக ஊற்றினால் கலந்துவிடும்.

ஜன்னலோரம் வைத்துப் பார்த்தோம். நீலம் ஐஸ் இடுக்குகளில் புகுந்து, பாலைத் தொடும் இடத்தில் புகை போல இறங்கியது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சங்குப்பூவுக்கு ருசி அதிகமில்லை, லேசான பச்சைப் பட்டாணி வாடை மட்டும். அந்தப் பூ கண்ணுக்கு. ரோஜா மூக்குக்கு. நாக்கில் நிற்பது என்னவோ தேத்தண்ணிதான்.

அந்தத் தேத்தண்ணியைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தை ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கியது 1929இல். நம் சிலாங்கூரின் தாழ்நிலத்திலும், புக்கிட் சீடிங்கில், அதே நிறுவனம் தேயிலை வளர்த்திருக்கிறது. பல பத்தாண்டுகள் இந்தத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளிய விரல்களில் பெரும்பாலானவை தமிழ் விரல்கள். இன்று வங்காளதேசத்தார், நேபாளத்தார் விரல்கள். என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஆனால் பால் விட்ட தேத்தண்ணி அவருக்கு நல்ல நாளில் மட்டும்தான். மற்ற நாள்களில் வெறும் சாயத் தண்ணி, கையில் ஒரு கடி சீனி. மூன்று நிறத்தில் அடுக்கிய தம்ளரை என் தங்கை மகள் கையில் பார்த்தபோது அந்தக் கையும் அந்தச் சீனியும் நினைவுக்கு வந்தன. இது வந்த வழி அவளுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். ஐஸ் கரைவதையும் மறந்து கேட்டாள்.

கடையில் போய்க் குடிப்பதை நான் குறை சொல்லவில்லை. உழைத்து ஊற்றுகிறார்கள், விலை வாங்குகிறார்கள். ஆனால் வேலியில் பூக்கிற ஒன்று கடையில்தான் கிடைக்கும் என்று நம் பிள்ளைகள் நினைக்கத் தொடங்கினால், நாம் எதையோ சொல்லிக்கொடுக்கத் தவறிவிட்டோம். சாமிக்கு, பக்கத்து வீட்டுக்கு, அப்புறம் நமக்கு என்று அம்மா வைத்திருக்கிற வரிசை எனக்கு இப்போதுதான் முழுதாகப் புரிகிறது. மூன்று பங்கு போட்டும் கொடியில் பூ மிச்சம் இருக்கிறது.

காய்கள் முற்றிப் பழுப்பாகி, தொட்டால் சடசடவென்று வெடிக்கும் நிலையில் இருக்கின்றன. அம்மா அவற்றைத் தாளில் மடித்து வைக்கிறார். ஒரு பொட்டலம் தங்கை வீட்டுக்கு. அங்கே அடுக்குமாடி, வேலி கிடையாது. தொட்டி போதும், ஏற ஒரு கயிறும் நாள் முழுக்க வெயிலும் இருந்தால் சரி. விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு நட வேண்டும், தோல் கெட்டி. தங்கை மகள் நேற்றிரவு ஊறப் போட்டுவிட்டாளாம்.