ஆறும் கருவிகள்

தமிழில் 'ஆறு' என்ற வினைச்சொல்லுக்கு விசாலமான மனது. பால் ஆறும், சினம் ஆறும், துக்கம் ஆறும், புண்ணும் ஆறும். ஆனால் உடைந்த குடமோ அறுந்த கம்பியோ ஆறியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவற்றை ஒருவர் உட்கார்ந்து ஒட்ட வேண்டும், பற்றவைக்க வேண்டும், அல்லது தூக்கி எறிய வேண்டும். காயப்பட்டு ஆறுவது உயிருள்ளவற்றுக்கு மட்டுமே வாய்த்த வரம் என்று நம் மொழி கருதி வந்திருக்கிறது.

2022-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை இந்த எல்லைக்கோட்டைச் சற்றே அழிக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் உள்ள ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆய்வு மையத்தில் டெனிஸ் மகரோவின் குழுவினர் உருவாக்கிய, தானே குணமாகும் அச்சிட்ட காந்த உணரிகள் பற்றியது அது. காந்தப்புலம் மாறும்போது தன் மின்தடை மாறுவதைக் கொண்டு அம்மாற்றத்தை அறிவிப்பது இவ்வகை உணரியின் வேலை. அந்த விளைவு பழையது. இரும்பிலும் நிக்கலிலும் அதைக் கண்டு 1857-இல் அறிவித்தவர் பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன். காந்த நுண்துகள்களை மைபோலக் குழைத்து, வளையும் பரப்பின் மீது உணரியாக அச்சிடுவது அண்மைக் காலத்தில் வந்தது.

வளைவதற்கென்றே செய்யப்பட்ட கருவிக்கு வளைவே பகை. பட்ட காலிலே படும் என்பார்கள். ஒருமுறை மடிந்த இடத்திலேயே மறுபடி மடிந்து அங்கேயே விரிசல் விழும். துகளோடு துகள் தொட்டுக்கொண்டு நிற்கும் சங்கிலி வழியாகத்தான் மின்சாரம் ஓடுகிறது. விரிசல் அந்தத் தொடுகையை அறுத்துவிடுகிறது. டிரெஸ்டன் குழுவினர் அங்கே மாறுதிசைக் காந்தப்புலத்தைச் செலுத்துகிறார்கள். துகள்கள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. கூடவே அதிர்ந்து, அசைந்து, நல்ல தொடுகை கிடைக்கும் இடத்தில் அமர்கின்றன. அறை வெப்பநிலையில், சில நொடிகளில், உணரி பழைய திறனை முழுதாகத் திரும்பப் பெறுகிறது. மீண்டும் மீண்டும் அறுத்தாலும் மீள்கிறது.

இதற்கு முன்னோடியாக ஒன்று உண்டு. 2016-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஜோசப் வாங்கின் குழுவினர் நியோடிமியம் காந்தத் துகள்களை மையில் கலந்து மின்கலங்களையும் மின்வேதி உணரிகளையும் அச்சிட்டார்கள். 3 மில்லிமீட்டர் வரை பிளந்த வெட்டுகள் சுமார் 50 மில்லிநொடியில் கூடின. அங்கே ஈர்ப்பு மைக்குள்ளேயே இருந்தது. டிரெஸ்டனிலோ மருந்து வெளியிலிருந்து வருகிறது. ஆகவே 'தானே' என்ற சொல்லை நாம் கொஞ்சம் தாராளமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் அக்கறை தொடங்குவதும் இங்கேதான். குணமாக்கும் அந்தக் காந்தச் சுருள் யார் கையில் இருக்கும்? கருவியை வாங்கியவர் கையிலோ தெருமுனைப் பழுது நீக்குபவர் மேசையிலோ இருந்தால், இது மனிதரின் நெடிய செப்பனிடும் மரபின் தொடர்ச்சி. விற்றவரின் பூட்டிய அறைக்குள் மட்டும் இருந்தால், 'தானே குணமாகும்' என்பது பெட்டியின் மேல் அச்சிட்ட இன்னொரு விளம்பர வாசகம். பழுதுபார்க்கும் உரிமைக்கென ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் சட்டமே இயற்ற நேர்ந்ததிலிருந்து, இந்த அச்சம் வெறும் கற்பனையல்ல என்பது விளங்கும்.

இன்னொரு கவலையும் உண்டு. 2022-இல் உலகம் ஈன்ற மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதற்குப் பதிவு உள்ளது 22.3 சதவீதமே என்றும் ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. தோலில் ஒட்டும், துணியில் அச்சிடும் உணரிகள் மிகச் சிறியவை, இவற்றால் என்ன குப்பை சேர்ந்துவிடும் என்று கேட்கலாம். சிறியவை என்பதுதான் சிக்கல். உடைந்த தொலைக்காட்சிப் பெட்டியைத் தேடி வந்து வாங்கிப்போக ஆளிருக்கிறது. சட்டைக்கையில் ஒட்டிய மைக்கீற்றுக்காக யார் வருவார்கள்? பாலிமரோடு குழைந்த துகளை மறுபடி பிரித்தெடுப்பதும் எளிதன்று. மலிவாக அச்சிட முடிவதாலேயே மலிவாக எறியவும் மனம் துணியும்.

இதனால் இந்த ஆய்வை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயுளை நீட்டும் எந்த உத்தியும் நல்லதே. பத்துமுறை அறுந்து பத்துமுறையும் மீண்ட கருவி, எறியப்படாத கருவி. ஆனால் விரிசல் கூடுவது ஆய்வகத்தின் வெற்றி மட்டுமே. நம் வீடுகளில் பெரும்பாலான கருவிகள் விரிசலால் சாவதில்லை. அடுத்த வடிவம் கடைக்கு வந்த அன்றே அவை நம் மனதில் செத்துவிடுகின்றன. அந்த நோய்க்கு எந்தக் காந்தப்புலமும் மருந்தாகாது. துகள்கள் நொடியில் கூடிவிடுகின்றன. வைத்திருக்கும் பொருளோடு நமக்கு உள்ள உறவுதான் ஆற வேண்டியிருக்கிறது.