பெடல் இறங்கியதா? பிளேட்டைக் குறை சொல்லாதீர்கள்

தி.நகர் உஸ்மான் சாலை நெரிசலில் மிதித்த கிளட்ச் பெடல் எழாமல் தரையோடு கிடந்தால், பட்டறையில் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான்: "பிளேட் போயிடுச்சு சார், கியர்பாக்ஸ் இறக்கணும்." மயிலாப்பூரிலும் அடையாறிலும் இதே பேச்சுதான். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள காரில் இது தவறான தீர்ப்பு. பல ஆயிரம் ரூபாய் தண்டச் செலவு வைக்கும் தீர்ப்பும்கூட.

பிளேட் தேய்ந்தால் போவது பெடல் அல்ல, பிடிமானம். கோடம்பாக்கம் மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்திப் பாருங்கள். என்ஜின் மட்டும் இரைந்து, வண்டி வேகமெடுக்காமல், கருகல் நாற்றமும் வந்தால் பிளேட்டைச் சந்தேகிக்கலாம். பெடல் தொய்ந்து, ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று கடித்தால் கதை நேர் எதிர்: கிளட்ச் விடுபடவில்லை. என்ஜினை அணைத்ததும் அதே கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

மாருதி 800 போன்ற கேபிள் கிளட்ச் வண்டிகளில் பிளேட் தேயத் தேயப் பெடல் பிடிக்கும் இடம் மாறும். அந்தக் காலத்துக் கைப்பழக்கம் இன்னும் விடவில்லை. ஹைட்ராலிக்கில் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ள, கீழே ஸ்லேவ் சிலிண்டர் கிளட்சை விடுவிக்கிறது; பிளேட் தேய்மானத்தை அது தானாகவே ஈடுகட்டிக்கொள்ளும்.

"ஆயில் அளவு குறையவே இல்லையே, அப்புறம் எப்படி ஹைட்ராலிக் கோளாறு?" என்பார்கள். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்தால், ஆயில் அதைத் தாண்டிப் பின்வாங்கி டப்பாவுக்கே திரும்பிவிடும். வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாது. இதைக் கண்டுபிடிக்க, முன்னால் காலியான சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். கைபிரேக் போட்டு, கால்பிரேக்கையும் அழுத்தி, முதல் கியரில் கிளட்சை முழுதாக மிதித்தபடியே இருங்கள். சற்று நேரத்தில் வண்டி முன்னே இழுக்க ஆரம்பித்தால் வாஷர் போய்விட்டது. வெளிக்கசிவைப் பார்க்க டார்ச் போதும்: டேஷ்போர்டுக்கு அடியில் பெடல் கம்பி சேரும் இடம், கியர்பாக்ஸ் பக்கம் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் மூடி. இரண்டில் ஒன்று ஈரமாக இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

"ரெண்டு தடவை பம்ப் அடிச்சா எழுது, ஓட்டலாம்" என்பதும் ஆபத்தான ஆறுதல். குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்பதற்கு அதுவே அறிகுறி. காற்றை மட்டும் எடுத்துவிட்டு, அது நுழைந்த வழியை அடைக்காவிட்டால் கோளாறு திரும்ப வரும்.

கிளட்ச் ஆயிலை மாற்றவே வேண்டாம் என்போரும் உண்டு. அதுவும் பிரேக் ஆயில்தான், ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கலாம். கடற்காற்றின் ஈரப்பதத்தில் வாழும் ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதே சரி. அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா என்பதால் பிரேக்கும் சேர்ந்து கெடும்.

சில கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கும். அதில் கசிவென்றால் இறக்கித்தான் ஆக வேண்டும்; அப்போது தேய்ந்த பிளேட்டையும் சேர்த்து மாற்றுவது புத்திசாலித்தனம்.

மற்றபடி, கியர்பாக்ஸ் போல்ட்டில் ஸ்பேனர் வைக்கும் முன் மாஸ்டர், ஸ்லேவ் இரண்டையும் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு பட்டறை பாருங்கள்.