எல்லாம் நன்மைக்கே என்று சொல்லலாமா?

கஷ்ட காலத்தில் கடவுள் நம்மைக் கைவிட்டுவிடவில்லை, ஏதோ செய்துகொண்டுதான் இருக்கிறார் என்று நம்புகிறவன் நான். ஆனால் அடுத்தவர் வீட்டுத் துக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இரண்டும் ஒன்றுதானே ஐயா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லை என்பது என் கட்சி.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு இந்த வழக்கு பள்ளியிலேயே அறிமுகம். 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். லிஸ்பன் நகரத்து மாதா கோயில்களில் கூட்டம் நிறைந்திருந்த காலை நேரத்தில் பூமி அதிர்ந்தது. பிறகு கடல் பொங்கியது, தீ பிடித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். உலகில் நடப்பதெல்லாம் நல்லதற்கே என்று பேசிவந்த தத்துவக்காரர்கள் மேல் வொல்தேருக்கு வந்த கோபம் முதலில் கவிதையானது. 1759-இல் 'காந்தீத்' என்ற கதையில் கேலியானது. அதில் வரும் பாங்லோஸ் வாத்தியார் எத்தனை அடிபட்டாலும் அதே பல்லவிதான் பாடுவார். வகுப்பில் விழுந்து விழுந்து சிரிப்போம். இத்தனைக்கும் வொல்தேர் கடவுள் இல்லை என்றவர் அல்லர்.

நம் பக்கத்துக்கு வருவோம். பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையில், சூலை நோயால் துடித்தபடி தமக்கை திலகவதியாரிடம் வந்து சேர்ந்தார் அப்பர். அங்கே அவர் பாடிய முதல் பதிகத்தைப் படித்துப் பாருங்கள். வயிற்றுவலி தந்ததற்கு நன்றி சொல்லவில்லை. தாங்க முடியவில்லை, தீர்க்க மாட்டாயா என்றுதான் முறையிடுகிறார். கேட்க ஆள் இருக்கிறது என்று நம்புகிறவன்தானே முறையிடுவான்? யாருமில்லாத ஆபீசில் எவனும் மனுக் கொடுப்பதில்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததே, அதில் அந்தப் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. என் மனைவி வழி உறவில் ஒரு பெரியவருடைய தோப்பும் போயிற்று. பலாக் கன்று வைத்துக் காய்ப்புக்கு வர வருஷக்கணக்காகும். அவருக்கோ அப்போதே எழுபதைத் தாண்டிய வயது. துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், "கவலைப்படாதீங்க மாமா, ஆண்டவன் ஒண்ணை எடுத்தா ஒண்ணைக் கொடுப்பான்" என்றார். பெரியவர் பதிலே பேசவில்லை. அவர் போன பிறகு சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்து, "உனக்கே இது நல்லா இருக்காடா?" என்று கேட்டார். அந்த வீட்டில் அன்று நான் கேட்ட ஒரே பிரார்த்தனை அதுதான்.

தனக்கு நேர்ந்ததைப் பற்றி, பல வருஷம் கழித்து, "அதுவும் நல்லதுக்குத்தான் போலிருக்கு" என்று ஒருவர் தாமே சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வேன். அதைச் சொல்லும் உரிமை பட்டவருக்கு மட்டும்தான். நாம் முந்திக்கொண்டு சொன்னால், அவர் அழுவதையே ஏதோ பக்திக் குறைவு போல ஆக்கிவிடுகிறோம்.

அன்று எனக்கும் அவரிடம் ஆறுதலாகச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. சிட்டா, அடங்கல் நகல் எங்கே என்று கேட்டு வாங்கி, நிவாரண மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். குமாஸ்தா கைக்குத் தெரிந்தது அது.