வண்டிக்கு வேடம் வேண்டுமா?

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம்மவர் பழமொழி. மனிதனுக்கு அது ஓரளவு பொருந்தலாம். மோட்டார் வண்டிக்குப் பொருந்துமா? பொருந்தும் என்று எண்ணும் இளைஞர் கூட்டம் ஒன்று நம்மிடையே வளர்ந்து வருகிறது. அவர்கள் பழைய சிறிய கார் ஒன்றை வாங்குகின்றனர். அதன் முகத்தையும் தோளையும் முதுகையும் கழற்றுகின்றனர். கண்ணாடி இழையில் வார்த்த வேறோர் உருவத்தை வீட்டு வாசலிலேயே அதன்மேல் பூட்டுகின்றனர். ‘பாடி கிட்’ என்று பட்டறைகளில் வழங்கும் அந்தத் தொகுதி ஏறியதும், நேற்றுவரை காய்கறி வாங்கப் போன கார் இன்று பந்தயக் காரைப்போல் தெருவில் நிற்கிறது. காண்போர் வியக்கின்றனர், உடையவர் உள்ளம் பூரிக்கின்றார். இதில் நன்மை எவ்வளவு, தீமை எவ்வளவு என்று சிறிது ஆராய்வோம்.

தொலைவில் நின்று குறை கூறுபவன் அல்லன் நான். அந்தப் பிசினில் கை வைத்தவன். குடியாத்தத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சித்தூருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. என் அத்தை மகன் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். படிப்பு ஏறவில்லை, ஆனால் எந்த இயந்திரமும் அவர் கைக்கு அடங்கும். மூன்றாண்டுச் சேமிப்பை ஒரு பழைய காரிலும், வெளியூரிலிருந்து தருவித்த மேற்கூட்டிலும் போட்டார். வேனில் விடுமுறைக்குத் திருப்பதியிலிருந்து வந்திருந்த நான் அவருக்கு எடுபிடி ஆனேன்.

வேலை எளிதன்று. முதலில் பழைய தகடுகளைக் கழற்ற வேண்டும். புதிய உறுப்புகளை ஒட்டாமலே வைத்துப் பார்த்து, கதவுக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று அளக்க வேண்டும். வார்ப்பில் கோணல் இல்லாத உறுப்பு அரிது. ஆதலால் தேய்த்தும் அறுத்தும் பொருத்த வேண்டும். பிறகு ரிவெட், போல்ட், பிசின், அதன்மேல் பட்டி, உப்புத்தாள் தேய்ப்பு, இறுதியில் வண்ணம். பத்து நாளில் முடியும் என்று தொடங்கியது இரண்டு மாதம் இழுத்தது.

பிசின் வேலையில்தான் என் படிப்பு பயன்பட்டிருக்க வேண்டும். பாலியெஸ்டர் பிசின் ஸ்டைரின் என்னும் நீர்மத்தில் கரைந்து வருகிறது. நூறு பங்குப் பிசினுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு சேர்த்தால், மூலக்கூறுகள் குறுக்கே பிணைந்து, வெப்பத்தை வெளியிட்டு, கல்லாய் இறுகும். சித்தூரின் மே மாத வெயிலில் அந்த வினை கட்டுக்கடங்காமல் விரையும்; கலவை கிண்ணத்திலேயே கொதித்து வெடிப்பு விடும். ஸ்டைரின் ஆவி தலையைச் சுற்ற வைக்கும். பெராக்சைடு ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். தேய்க்கும்போது பறக்கும் இழைத்தூள் தோலை அரிக்கும், மூச்சுக்குழலைப் புண்படுத்தும். இத்தனையும் அறிந்த விஞ்ஞான மாணவன் என்ன செய்தான்? மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கிண்ணத்தைக் கலக்கினான். கைக்குட்டை ஆவியைத் தடுக்காது என்பதும் அவனுக்குத் தெரியும்!

அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. புதிய முன்மூடி பொருந்துவதற்காகப் பழைய கீலையும் பூட்டையும் அறுத்து எறிந்து, மெல்லிய இழைத்தகட்டில் நான்கு ரிவெட்டுகளை மட்டும் அடித்தோம். காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும் என்பது பள்ளிப் பாடம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் தாங்கும் மூடி, எண்பதில் நான்கு மடங்கு விசையைத் தாங்க வேண்டும். “மாமா, இது போதுமா?” என்று நான் கேட்டிருக்க வேண்டும். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை. வாய் திறவாதிருந்தேன்.

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். முதல் ஓட்டத்துக்கு அந்தச் சாலையைத்தான் தேர்ந்தோம். சந்திரகிரியை நெருங்குகையில் மூடி எழுந்து முன்கண்ணாடியில் அறைந்தது. கண்முன் சாலை மறைந்தது. அவர் பிரேக்கை அழுத்திய வேகத்தில், பின்னால் வந்த லாரி எங்களைத் தொடும் தொலைவில் வந்து நின்றது. லாரி ஓட்டுநர் இறங்கி வந்து தெலுங்கில் ஏசிய ஏச்சு, எந்த ஆசிரியரும் எனக்குப் புகட்டாத பாடம். இன்று அந்தக் கார் எங்கள் வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. பதிவுப் புத்தகத்தில் ஓர் உருவம், வண்டிக்கு வேறோர் உருவம், சாலையில் விட இயலாது, விற்கவும் வழியில்லை. மூன்றாண்டு உழைப்பு வெயிலில் காய்கிறது.

சட்டம் என்ன கூறுகிறது? தயாரித்தவர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றலாகாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கேரளத்தில் எழுந்த வழக்கொன்றில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தந்தது.

“என் பணம், என் வண்டி, தடுக்க நீ யார்?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. வண்டி உன்னுடையதாகலாம், சாலை உன்னுடையது அன்றே! மேலும், இக்காலக் கார்களில் கூடு என்பது எலும்பின்மேல் போர்த்திய துணி அன்று. பெரும்பாலும் கூடே எலும்பு. தூணை அறுத்தால் மோதலின்போது உயிர் காக்கும் அரணை அறுத்தவனாவாய். அமெரிக்காவில் 1984 முதல் 1988 வரை வெளிவந்த பான்டியாக் ஃபியரோ என்னும் கார் இத்தகைய வேடத்துக்குப் பெயர் போனது. ஏன் தெரியுமா? அதன் எலும்புச் சட்டம் தனி, மேல்தகடுகள் தனி. தகடுகளைக் கழற்றினாலும் அது ஓடும். எல்லாக் காரும் அப்படிப்பட்டதன்று.

அந்த ஃபியரோவுக்கும் கார்வெட்டுக்கும் ஃபெராரியின் உருவத்தைப் போர்த்த மேற்கூடுகள் விற்ற ஒருவரை ஃபெராரி நிறுவனம் வழக்குக்கு இழுத்தது. 1991இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபெராரியின் பக்கமே தீர்ப்பளித்தது. பிறர் முகத்தைத் திருடுவது தொழிலாகாது என்பது அதன் கருத்து. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை நமக்குத் தெரியாததா? சூடு வலித்ததே ஒழியப் பூனை புலியாகவில்லை. நம் பொய்க்கால் குதிரைக்காரர் இதைவிட நேர்மையானவர். அவர் ஆடுவது குதிரை வேடம். ஆனால் அது பொய்க்கால் என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறார்!

அப்படியானால், இளைஞன் கையைக் கட்டிக்கொண்டு கடையில் விற்பதை வாங்கி ஓட்டவேண்டியதுதானா? அன்று, அன்று! வேடம் வேறு, படைப்பு வேறு. கோயம்புத்தூர்க் கரிவர்தனை எண்ணிப் பாருங்கள். மாருதி 800 காரின் சிறிய எஞ்சினைக் கொண்டு, தாமே வகுத்த சட்டத்தில் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைச் செய்தார். அந்த வண்டி ஃபெராரி என்று நடிக்கவில்லை. அதன் எஞ்சின் மாருதி என்பதைப் பெயரிலேயே தாங்கியது. ஃபார்முலா மாருதிப் பந்தயத்தில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். 1995இல் கரிவர்தன் விமான விபத்தில் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த ஓடுதளம் இன்று கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் இருக்கிறது. ‘ஃபார்முலா பாரத்’ போட்டியில் நம் வயதுக் கல்லூரி மாணவர் தாமே கட்டிய வண்டிகளை அங்கே ஓட்டியிருக்கின்றனர். ஒரு நிபந்தனை: ஆய்வில் தேறாத வண்டி ஓடுதளத்தில் இறங்கலாகாது.

அந்த ஆய்வுதான் நான் வேண்டுவது. வண்டிக்குக் கூடு கட்டுவது நம் நாட்டுக்குப் புதிதா? நான் சிறுவனாக இருந்தபோது, கூடே இல்லாத வெறும் லாரிச் சேஸிஸில், முகத்தில் துண்டு கட்டிய ஓட்டுநர் மரப்பலகைமேல் அமர்ந்து சித்தூர் வழியாகப் போவதைக் கண்டிருக்கிறேன். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்குக் கூடு ஏறும். கரூரில் பேருந்துக்குக் கூடு ஏறும். விதிப்படி கட்டி, அதிகாரி பார்த்து, பிறகு பதிவாகும். லாரிக்கு உள்ள அந்த வாயில் தனி ஒருவன் கட்டும் காருக்கு ஏன் இல்லை? பிரிட்டனில் 1957இல் வந்த லோட்டஸ் செவன் காரை உறுப்புகளாக வாங்கி வீட்டில் பூட்டினோர் பலர். அப்படி வாங்கினால் அக்காலத்தில் கொள்முதல் வரி இருக்கவில்லை. அந்நாட்டில் 2009இல் தொடங்கிய தனி வண்டி ஒப்புதல் முறையில், வீட்டில் கட்டிய ஒற்றைக் காரையும் பிரேக், விளக்கு, இருக்கைப் பட்டை, கூரிய விளிம்பு என்று ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகே சாலையில் விடுகின்றனர். தடை மட்டும் இருந்தால் திறமை திருட்டுத்தனமாக வாசலில் வேலை செய்யும். சோதனை இருந்தால் அது வெளிச்சத்தில் வேலை செய்யும்.

திருப்பதியில் 2015 முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இயங்குகிறது. திருப்பதி மாவட்டத்து ஸ்ரீசிட்டியில் 2016 முதல் இசுசு வண்டிகள் உருவாகின்றன. சித்தூர்ப் பட்டறைகளிலோ என் அத்தை மகனைப் போன்ற கைகள் காத்திருக்கின்றன. கணக்கு அறிந்தவன் ஓரிடம். கருவி அறிந்தவன் வேறிடம். இருவரும் சந்திக்கும் இடத்தை யார் அமைப்பது?

நண்பர்களே, அரசு வாயில் திறக்கும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் வண்டியை அறுத்துக்கொண்டிருக்கலாம். அவரை எள்ளாதீர்கள், அவர் கை உங்கள் கையைவிடத் தேர்ந்தது. அவரருகே அமர்ந்து, நீங்கள் கற்ற கணக்கை அவருக்குச் சொல்லுங்கள். அவர் முகம் வாடினும் சொல்லுங்கள். நான் அன்று சொல்லாமல் விட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கு விடையாக ஒரு லாரி எங்கள் முதுகில் மூச்சுவிட்டது. பட்டம் பெறுவதற்கு முன் நான் பெற்ற பெரிய பாடம் அதுவே.