கல்கத்தாவின் பழைய சின்னமும் அது கற்பிக்கும் பாடமும்

ஒவ்வொரு நகருக்கும் ஒரு சின்னம் உண்டு. மலைமீது அமைந்த ஊர் மலையைப் பொறிக்கும். துறைமுக நகரம் கப்பலைப் பொறிக்கும். வில், புலி, மீன் என்று மூவேந்தர் கொடிகளைச் சொல்லி வளரும் தமிழனுக்குச் சின்னத்தின் பெருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குப்பை தின்னும் ஒரு பறவையைத் தன் கேடயத்துக்குக் காவலாக நிறுத்திய நகரம் ஒன்று உண்டென்றால் பலர் நம்பமாட்டார்கள். அந்த நகரம் வேறெதுவுமல்ல, கல்கத்தாதான்.

1896-இல் கல்கத்தா மாநகராட்சிக்குப் பிரிட்டிஷ் முறைப்படி வழங்கப்பட்ட சின்னத்தில், கேடயத்தின் இருபுறமும் இரண்டு பெரும் பறவைகள் நின்றன. அவற்றின் அலகுகளில் பாம்புகள். “இடர்களினூடே உறுதியாய் நில்” என்ற பொருளுடைய லத்தீன் வாசகம் கீழே இருந்தது. அப்பறவை நாரை இனத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 5 அடி உயரம், வழுக்கைத் தலை, தொங்கும் கழுத்துப் பை. அழகு என்று சொல்ல அதனிடம் ஒன்றுமில்லை. எலும்பை விழுங்குவது என்னும் பொருளில் ‘ஹர்கிலா’ என்று அதற்குப் பெயர். விறைப்பாக நடக்கும் அதன் நடையைப் பார்த்த வெள்ளைக்காரர்கள், ராணுவ அதிகாரியின் பதவிப் பெயரான ‘அட்ஜுடண்ட்’ என்பதையே அதற்கு இட்டார்கள்.

இதற்கு இத்தனை மரியாதை ஏன்? பாதாளச் சாக்கடை இல்லாத அந்தக் காலத்தில் தெருவில் கிடந்த அழுகலையும், இறந்த பிராணிகளையும் தின்று நகரைச் சுத்தம் செய்தவை இந்தப் பறவைகளே. அதனால் அவற்றைக் காக்கச் சட்டம் போடப்பட்டது. ஒரு பறவையைக் கொன்றால் 50 ரூபாய் அபராதம். அந்த நாளில் 50 ரூபாய் என்பது ஒரு சாமானியனின் பல மாதச் சம்பளம் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தப் பாதுகாப்பின் கடுமை விளங்கும்.

பின்னர் வில்லியம் கிளார்க் என்ற பொறியாளர் 1850-களில் வகுத்த திட்டப்படி நகருக்கு அடியில் செங்கல் சாக்கடைகள் கட்டப்பட்டன. தெருவில் தீனி குறைந்தது. பறவைகளும் மெல்ல மெல்ல மறைந்தன. சின்னத்தில் ஏறிய காலத்திலேயே அவை நகரில் அருகிக்கொண்டிருந்தன என்பது ஒரு விந்தை. இன்று அவை முக்கியமாக அஸ்ஸாமிலும் பீகாரின் பாகல்பூர்ப் பகுதியிலுமே கூடு கட்டுகின்றன. அஸ்ஸாமில் பூர்ணிமா தேவி பர்மன் என்பவர் கிராமப் பெண்களைத் திரட்டி அவற்றைக் காத்து வருகிறார். 2022-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் உயரிய விருது அவருக்குக் கிடைத்தது.

சுதந்திரத்திற்குப் பிறகு மாநகராட்சி தன் சின்னத்தை மாற்றிக்கொண்டது. சுடரேந்திய கையும், நகரின் செழுமையை வளர்ப்பது என்னும் கருத்துடைய வங்கமொழி வாசகமும் அந்த இடத்துக்கு வந்தன. இதைக் குறை கூற முடியாது. பழைய கேடயம் அந்நியர் ஆட்சியின் முத்திரை. அது வழங்கப்பட்ட மூன்றே ஆண்டுகளில், 1899-இல், புதிய முனிசிபல் சட்டம் கொண்டுவந்து மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களின் எண்ணிக்கையைக் குறைத்தவர்களும் அதே ஆட்சியாளர்களே. சுரேந்திரநாத் பானர்ஜி உள்ளிட்ட 28 உறுப்பினர்கள் ராஜினாமா செய்து வெளியேறினார்கள். ஆகவே அந்தக் கேடயம் திரும்ப வரவேண்டுமென்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அதில் இருந்த ஒரு நல்ல கருத்தும் கேடயத்தோடு சேர்ந்து போய்விட்டதா என்பதே கேள்வி.

தெருவில் கிடந்ததைப் பறவை தின்றது. சாக்கடை பூமிக்கு அடியில் போன பிறகு அந்த வேலை மனிதன் தலையில் விழுந்தது. பறவைக்குக் கிடைத்த பாதுகாப்பு அவனுக்குக் கிடைத்ததா? மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம் வந்தது. 2013-இல் வந்த இரண்டாவது சட்டம், பாதுகாப்பின்றி ஒருவரைச் சாக்கடையிலோ கழிவுத் தொட்டியிலோ இறக்கினால் முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று கூறுகிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 29-ஆம் தேதி, கல்கத்தா, சென்னை உள்பட ஆறு பெருநகரங்களில் இந்த வழக்கம் அடியோடு நிற்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. நான்கே நாட்களில், பிப்ரவரி 2-ஆம் தேதி, கல்கத்தாவை ஒட்டிய பன்தலாவின் தோல் தொழிற்பேட்டையில் சாக்கடைக் குழியில் இறங்கிய மூன்று தொழிலாளர்கள் பிணமானார்கள்.

இது வங்காளத்தின் குறை மட்டுமல்ல. சாக்கடையில் மாண்டவர்கள் குறித்த மத்திய அரசின் கணக்குகளில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது என்பது வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டிய செய்தி. அங்கே ‘துப்புரவுப் பணியாளர்’ என்ற பெயரைத் ‘தூய்மைப் பணியாளர்’ என்று மாற்றினார்கள். பெயர் மாற்றம் நல்லதே. ஆனால் விஷவாயு பெயர் பார்த்துத் தாக்குவதில்லை. குழிக்குள் மனிதனுக்குப் பதிலாக இறங்கும் இயந்திரத்தைக் கேரளத்து இளம் பொறியாளர்கள் உருவாக்கி, 2018-இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு விட்டுவிட்டார்கள். எனவே வழியில்லை என்ற சாக்குக்கு இனி இடமில்லை.

விடியற்காலையில் விசில் ஊதிக்கொண்டு தள்ளுவண்டியுடன் வரும் தொழிலாளியை லேக் மார்க்கெட் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் நாள்தோறும் பார்க்கின்றன. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவன் எவ்வளவு எளிதில் கணக்கில் வராமல் போய்விடுவான் என்பது தமிழர்களுக்குத் தெரியாததல்ல. பன்தலாவில் இறந்தவர்களும் கூலி வேலைக்கு வந்தவர்கள்தாம். வீட்டின் கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டால், சில நூறு ரூபாய்க்கு ஓர் ஆளை உள்ளே இறக்காமல் உறிஞ்சும் லாரியை அழைப்பது முதல் கடமை. அலுவலகங்களில் ஒப்பந்தக்காரரின் பில்லைச் சரிபார்க்கும் குமாஸ்தாக்கள், வேலையை இயந்திரம் செய்ததா, ஆள் இறங்கினாரா என்று ஒரு வரி குறிப்பெழுதிக் கேட்கலாம். அந்த ஒரு வரிக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பறவை செத்தால் 50 ரூபாய் கட்டாமல் தப்ப முடியாது என்ற பயம் ஒரு காலத்தில் இந்த நகரில் இருந்தது. மனிதன் செத்தாலும் தப்ப முடியாது என்ற பயம் ஒப்பந்தக்காரருக்கும் அதிகாரிக்கும் வந்தாக வேண்டும். சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதைத் தெருவுக்குக் கொண்டுவருவதே இனி மாநகராட்சியும் மாநில அரசும் செய்ய வேண்டிய வேலை.